அட்வான்ஸ் என்று நினைத்துவிட்டார்கள், தாயி

வளர்மதி,

நீ பெங்களூருக்குப் போன மறுநாள் காலை நம் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. குரங்கணி போஸ் இறங்கினார். தினமும் காலையில் 'மலைமேல நல்ல மழை' அல்லது 'சொட்டுக்கூட இல்ல' என்று உன் 'மெட்டுச்சேதி' இணையதளத்தில் முதல் ஆளாகப் பதிவு போடுகிறவர். யாரையும் எதுவும் கேட்காமல் இரண்டு மூட்டை ஏலக்காயை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிவந்து நம் கூடத்தில் இறக்கினார். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஏதோ முகவரி மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்து, "என்னண்ணே, எங்க வீட்ட காய்க்கடையாக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். போஸ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாப்பா அட்வான்ஸ் வாங்கிருக்குல்ல ஆத்தா. அத எறக்கணும்ல. இது எம் பங்கு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. உனக்கும் ஆகலாம், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதில் வருகிறவர்கள் எல்லோரும் மெட்டுச்சேதியைப் படிக்கிறவர்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பற்றி எழுதுவது முறையாகப் படவில்லை. ஆகவே தளத்தின் பொதுப் பக்கத்திலேயே போடுகிறேன். உன்னைக் கேட்காமல் நான் அங்கே போடும் முதல் பதிவு இது. போஸிடமும், காய் எடுக்கப் போகிற பேச்சியம்மாளிடமும் அவர்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டேன். பேச்சியம்மாள் சரி என்றார். போஸ், "எம் பேரக் கொஞ்சம் பெருசாப் போடுங்க சார்" என்றார்.

நம் மலையில் அட்வான்ஸ் என்றால் என்ன என்று நீ அறியாதவள் இல்லை. ஆனால் நீ கணினி படித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை வேறு இடங்களிலும் கேட்டிருப்பாய், அதனால் அதன் கனம் உன் காதில் குறைந்திருக்கக்கூடும். இங்கே மழைக்காலம் தொடங்குமுன் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி அந்த வருடத்துக் காயை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும். ஒரு தோட்டத்தில் முன்பணம் வாங்கிய காய் எடுக்கும் பெண் அந்தத் தோட்டத்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கூலி கூடினாலும் சரி, வேறு கடையில் விலை ஏறினாலும் சரி. யாரும் சங்கிலி போடுவதில்லை. வாங்கியவர்களே கட்டுப்பட்டு நிற்பார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவர் வாங்கினால் அது குடும்பம் முழுவதும் வாங்கியது.

நீ உன் தளத்துக்கு அந்தப் பெரிய நிறுவனத்தின் முதலீட்டை ஏற்கப் போகிறாய் என்ற செய்தி இப்படித்தான் மலையேறியிருக்கிறது. 'பாப்பா அட்வான்ஸ் வாங்கிருச்சு.' அந்த நிறுவனம் ஏலக்காய் வாங்கி விற்கிறது, அதற்குச் சொந்தத் தோட்டங்கள் இருக்கின்றன என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. தேவாரத்து விவசாயிகள் சிலர் கூடிப் பேசி, இந்த எடுப்பில் பறித்த காயை வழக்கமான கடைக்குப் போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீ கேட்டு அனுப்பும்போது கொடுக்க. போஸ் பொறுமை இல்லாதவர், நேரே கொண்டுவந்துவிட்டார். "யாரும் உங்கள எதுவும் குடுக்கச் சொல்லல போஸ்" என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் மூட்டையைத் திரும்ப ஏற்றவில்லை. உன் அம்மா வைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க வாத்தியாரு, உங்களுக்கு யாவாரம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் மறுக்கவும் முடியாது. வீடு முழுவதும் ஏலக்காய் வாசனை. உன் அம்மா, காப்பியிலும் அதுதான் மணக்கிறது, பாயசம் வைத்ததுபோல் இருக்கிறது என்கிறாள்.

இதோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டு உனக்கு போனில் சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை காலை பேச்சியம்மாளும் அவரோடு வேலைக்குப் போகிற பெண்களும் ஜீப் ஸ்டாண்டில் தங்கள் வழக்கமான ஜீப்பில் ஏறவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார். "நீ போப்பா, நாங்க கம்பெனி ஜீப்புல வர்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி ஜீப் என்று ஒன்று கிடையாது. வெயில் ஏறும்வரை தூக்குச்சட்டியோடு நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றைய கூலி போயிற்று. பழைய தோட்டத்துக்காரர் கோபித்துக்கொண்டு மறுநாளைக்கு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டார். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பேச்சியம்மாள் நடந்ததைச் சொல்லிக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். எழுதத் தெரியாதவர்கள் அனுப்பும் குரல்களைக் கேட்டு எழுத்தாக்குவதுதானே நீ எனக்குக் கொடுத்த வேலை. அவர்கள் திட்டுவதை மட்டும் நான் கொஞ்சம் மென்மையாக்கி எழுதுவேன் என்பதும் உனக்குத் தெரியும். இந்தப் பதிவில் மென்மையாக்க எதுவும் இல்லை. குறைகூட இல்லை. 'கம்பெனி ஜீப்பு எந்நேரம் வரும்னு பாப்பாட்ட கேட்டுச் சொல்லுங்க சார், வெரசா' என்று மட்டும் முடிவில் கேட்டிருந்தார்.

மறுநாள் நானே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். வகுப்புக்குப் போவதுபோல் முதல் நாளே குறிப்பு எழுதிக்கொண்டேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வாய்ல சொல்றதுக்கும் ஒரு கடுதாசியா?" என்றாள். முப்பது பேருக்கு மேல் நின்றிருப்பார்கள். பங்கு என்றால் என்ன, முதலீடு என்றால் என்ன, கடனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "சாரு பரிட்ச வைப்பாரோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. முடித்தபின் பேச்சியம்மாள் கேட்டார்.

"அட்வான்ஸ் இல்லேன்னா அப்புறம் எதுக்கு சார் குடுக்குறாங்க? அவுங்களுக்குக் கிறுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தளம் வளரும் என்று நம்பிக் கொடுக்கிறார்கள் என்றேன். என்ன வளரும் என்றார். இன்னும் நிறையப் பேர் சேருவார்கள் என்றேன். "அப்ப எங்களக் காட்டித்தான பாப்பா வாங்குது" என்றார். நான் குறிப்புத்தாளைப் பார்த்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சமாதானமும் சொன்னார்: "வாங்குனது தப்புன்னு சொல்லல சார். வாங்காம நாங்க எந்த மழைக்காலத்த ஓட்டிருக்கோம்? எந்தத் தோட்டம்னு சொல்லிட்டா போயிருவோம், அம்புட்டுதான்."

வளர்மதி, நீ இந்த முதலீட்டை ஏற்பதை நான் தவறென்று சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஊரடங்குக் காலத்தில் மலையுச்சியில், மாநில எல்லையிலுள்ள மெட்டுச் சோதனைச் சாவடி ஒருநாள் திறந்திருக்கும், ஒருநாள் மூடியிருக்கும். நம் பெண்கள் மலையேறி வளைவு வளைவாகப் போய், மூடியிருக்கிறது என்று தெரிந்து திரும்பி வருவார்கள். உன் மாடி அறையிலிருந்து, அலுவலக வேலைக்கு நடுவில், 'மெட்டு இன்று திறந்திருக்கிறது' என்று ஒரே ஒரு வரி தெரியும்படி ஒரு பக்கம் செய்தாய். அவ்வளவுதான் மெட்டுச்சேதி. பிறகு ஜீப்பில் இடம் இருக்கிறதா என்பது சேர்ந்தது, எந்த வளைவில் பனி என்பது சேர்ந்தது, தேவாரம் பக்கம் யானை இறங்கியிருக்கிறதா என்பது சேர்ந்தது. எந்தக் கடை என்ன விலை கொடுத்தது, எந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்த அன்றே பெண்களை உள்ளே விட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது. நீ எதையும் சேர்க்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், நீ இடம் கொடுத்தாய். அதன் பிறகு நீ அலுவலக வேலையை விட்டாய். உன் அம்மா கோவில் கோவிலாகப் போனாள், நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். எதுவும் சொல்லாமல் இருப்பதை நான் பெருந்தன்மை என்று அந்நாளில் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி பயம்தான்.

போன மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து விழுந்த மதியம் எனக்கு மறக்கவில்லை. மலையிலும் கீழேயும் எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்க, அது அப்படியே நின்றுவிட்டது. நீ ஒற்றை ஆள். ஒரு காதில் அதைச் சரிசெய்யும் யாரிடமோ ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டே, இன்னொரு போனில் ஜீப் டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அண்ணே, மேல எத்தன பேரு நிக்கிறாங்க, பாத்து நில்லுங்க, கீழ எறங்காதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் எழுதிக் காட்டினாய், நான் பேசினேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, இதை இந்தப் பெண் தனியாகச் சுமக்க முடியாது என்று உன் அம்மா சொன்னாள். அவள் எதையும் இரண்டு முறை சொல்கிறவள் இல்லை. அந்த நிறுவனம் ஆள் தருகிறேன், இயந்திரம் தருகிறேன், நிற்காமல் ஓட வைக்கிறேன் என்று வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நான் முதலில் வேண்டாம் என்றேன். பிறகு உன் இஷ்டம் என்றேன். நீ என்னைப் பார்த்து, "அப்பா, வேண்டாம்னு சொல்றீங்களா, பயப்படுறீங்களா?" என்று கேட்டாய். என்னிடம் இரண்டும் ஒரே குரலில்தான் வருகின்றன. நீ வாழ்க்கையில் யாரிடம் யோசனை கேட்டாலும் இந்தக் கேள்வியை மறக்காமல் கேள். உன் அப்பாவைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நிறுவனத்திலிருந்து வந்திருந்த தம்பியையும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் அம்மா காய் எடுத்தவர் என்றார். உன் அம்மா பரிமாறியதை வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் மாறாது சார், கேட்டோ" என்றார், மலையாளம் கலந்து. மனதாரத்தான் சொன்னார். ஆனால் நான் வாழ்நாள் முழுவதும் வேதியியல் நடத்தியவன். ஒரு கலவையில் ஒன்றைச் சேர்த்தால் எதுவும் மாறாது என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. வினையூக்கிகூடத் தான் மாறாதே தவிர மற்றதை மாற்றிவிடும். இங்கே அவர் ஊருக்குப் போய்ச் சேருமுன்பே மாறிவிட்டது. ஒரு காசு கைமாறவில்லை, ஒரு கையெழுத்து விழவில்லை. பெண்கள் ஜீப்பில் ஏறாமல் நின்றுவிட்டார்கள்.

அதோடு ஒன்று கவனித்தேன், சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தளத்தின் விலைப் பகுதியில் எப்போதும் அந்த நிறுவனத்தின் ஆட்கள் காய் வாங்கும்போது எடையில் செய்யும் கழிவைப் பற்றி யாராவது ஒருவர் முணுமுணுத்திருப்பார். இந்த வாரம் ஒரு வார்த்தை இல்லை. யாரும் அவர்கள் வாயை மூடவில்லை. அட்வான்ஸ் கொடுத்தவரை நம் ஆட்கள் வெளியே குறை பேச மாட்டார்கள். நான் எழுத்தாக்கிய குரல்களில் ஒருவர் பாதி பேசிவிட்டு, 'சரி விடுங்க சார், இனி அவுங்க நம்மாளு' என்று நிறுத்திக்கொண்டார். நீ அந்தப் பகுதியை எதற்காகத் தொடங்கினாய் என்று எனக்குத் தெரியும். அது இப்படி மரியாதையாலேயே அடங்கிப்போனால், ஒப்பந்தத்தில் நீ எவ்வளவு நல்ல வாசகங்கள் எழுதி வாங்கினாலும் அவற்றுக்கு வேலையே இருக்காது.

நீ போனில் சொன்னாய், "அப்பா, தளத்துல தெளிவா ஒரு அறிவிப்புப் போட்டுடறேன், யாரும் யாருக்கும் கட்டுப்படலன்னு." போட்டாய். அழகாக எழுதியிருந்தாய். நான் அதை ஸ்டாண்டில் வாசித்தும் காட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். போஸ் இன்னும் மூட்டையை எடுக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் உன் தாத்தா செய்த ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்த காலம். உன் தாத்தா குரங்கணிக்கு மேலே குத்தகை நிலத்தில் ஏலக்காய் போட்டிருந்தார். போடியில் ஒரு கடைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கி, வருடக்கணக்கில் அவருக்கே காய் போட்டுவந்தார். வாங்கியது எப்போதோ தீர்ந்துவிட்டது. விலை நன்றாக ஏறியிருந்த வருடம், நான் விடுமுறைக்கு வந்தவன், படித்த திமிரில் கடைக் கணக்குப்பிள்ளையைப் போய்ப் பார்த்து, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிவந்து தாத்தாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். "கடுதாசியாடா குடுத்துச்சு? மனுசன்ல குடுத்தாரு. அவரு சொல்லணும்" என்றார். அந்த எடுப்பும் அதே கடைக்குத்தான் போயிற்று. இதை நல்ல வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் நம் வீடு இழந்தது அதிகம், உன் அத்தைகள் படிப்பு நின்றதுகூட அதனால்தான். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் கடைக்காரர் தாத்தாவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, நாலு பேர் கேட்க, "ஒங்க காய் இனி ஒங்க இஷ்டம்யா" என்றார். அவ்வளவுதான். அடுத்த எடுப்பை தாத்தா வேறு கடைக்குப் போட்டார். ஒருநாள்கூடத் தயங்கவில்லை.

நீ எழுதினாலும் சொன்னாலும் இவர்கள் விடுபட மாட்டார்கள், தாயி. நீ வாங்குகிறவள். வாங்கியவர் சொல்லி யாரும் விடுபட்டதில்லை. கொடுக்கிறவர் சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் கேட்க. ஆகவே உன்னிடம் நான் கேட்பது இதுதான். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தம்பியை நம் ஊருக்கு அழைத்துக்கொண்டு வா. ஜீப் ஸ்டாண்டில் பெண்கள் நிற்கும்போது, போஸையும் தேவாரத்துக்காரர்களையும் நான் வரச் சொல்லி வைக்கிறேன், அவர் தன் வாயால் சொல்லட்டும். 'நாங்க குடுக்குறது அட்வான்ஸ் இல்ல. ஒங்க காய் ஒங்க இஷ்டம், ஒங்க வேல ஒங்க இஷ்டம். எங்களப் பத்தியும் எப்பவும்போலப் பேசுங்க.' மூன்று வாக்கியம். அவருக்கு நம் பேச்சு நன்றாகவே வருகிறது. இதை அவரும் படிப்பார், படிக்கட்டும். திடீரென்று கூட்டத்தில் நிறுத்திக் கேட்பதைவிட முன்பே சொல்லிவிட்டுக் கேட்பதுதான் மரியாதை.

அவர் சொல்லிவிட்டால் சந்தோஷமாகப் போய்க் கையெழுத்துப் போடு. பேச்சியம்மாள் என்னிடம் கேட்டதற்கு அப்போதும் முழுப் பதில் கிடைத்திருக்காது. அவர்களைக் காட்டித்தான் வாங்குகிறாய், அது உண்மை. ஆனால் அவர்களைக் கட்டி வாங்கவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முதலிரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதில் அவர் தயங்கினால், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொன்னால், கேட்டுவிட்டு வரச் சொல். அவர்மேல் கோபப்படாதே. அவர் வேலையும் அவருக்கு ஒரு ஜீப், அதிலிருந்து இறங்க அவருக்கும் பயமாக இருக்கும். ஆனால் அவர் திரும்பி வந்து சொல்லும்வரை பேனாவை எடுக்காதே. நான் இப்போது சொல்வது பயத்தால் இல்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. நீயே பார்த்துக்கொள்.

பேச்சியம்மாளின் ஆட்கள் இன்னும் ஒரு தோட்டத்துக்கும் போகவில்லை. காலையில் வந்து நிற்கிறார்கள், போகிறார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வர முடிந்தால் நல்லது. முந்தின நாள் இரவே வந்து வீட்டில் தங்குங்கள், அம்மா உங்கள் இரண்டு பேருக்கும் சமைத்து வைப்பாள். ஜீப்புகள் விடிவதற்குள் கிளம்பிவிடும்.

உன் அப்பா